ஐந்தாம் பக்கத்துக் கறுப்புக் கோட்டு

எழுத்துக்குப் பின்னால் எந்த அடையாளம் வந்தாலும் அது எழுத்தை மறைக்கக்கூடாது. நான் பிரதம இலிகிதராக இருந்த அலுவலகத்தில் இது விதி. இலச்சினை ஒரு சொல்லின் மேல் ஏறியிருந்தாலும் கடிதத்தைத் திருப்பி அனுப்புவேன். தட்டச்சாளர்கள் என்னைத் திட்டியிருப்பார்கள். திட்டட்டும், கடிதங்களை வாசிக்க முடிந்தது.

கனடாவில் இருக்கும் என் மைத்துனனுக்கு இந்த விதி எட்டவில்லை.

என் மனைவி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது தன் கல்வெட்டைப் பற்றிக் கதைத்தாள். முப்பத்தோராம் நாள் கிருத்தியத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகம் அது. அது அச்சாகாவிட்டால் ஒருவர் செத்ததையே எங்கள் சனம் ஒப்புக்கொள்ளாது.

“பாட்டுக் கீட்டு ஒண்டும் வேண்டாம். அந்த ஒரு வரி மட்டும் வரவேணும்,” என்றாள்.

எந்த வரி என்று நான் கேட்கவில்லை. அவளுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்த வருடம் தாய் இறந்துபோனார். தம்பிக்குப் பால்பல்லே விழவில்லை. அவனை வளர்ப்பதற்காக அனுமதியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போனாள். அந்தத் தம்பி பொறியியலாளனாகி, தனியே போராடி முன்னேறிய கதையை மேடை மேடையாகச் சொல்லிவந்தான். அவள் ஒருநாளும் அவனைத் திருத்தியதில்லை.

தம்பிக்காக அவள் அனுமதியை விட்டதைச் சொல்லும் அந்த வரியை எழுதினேன். வடிவமைப்பை அவன் கேட்டு வாங்கிக்கொண்டான். “எழுத்து உங்கடை, டிசைன் என்ரை, அத்தான்.”

புத்தகம் கிருத்தியத்தன்று காலையில்தான் வந்தது. எல்லாப் பக்கத்திலும் எழுத்துக்குப் பின்னால் ஒரு படம். கணினியில் பின்னணிப் படம் வைக்கும் இடத்திலேயே அதை வெளிறச் செய்ய ஒரு சிறு கட்டம் இருக்கிறது. நிறம் குறைந்துவிடும் என்று அதிலிருந்த சரி அடையாளத்தை அவன் எடுத்துவிட்டிருந்தான். ஐந்தாம் பக்கத்தில் நயாகரா. நடுவில் கறுப்புக் கோட்டுடன் அவன். ஓரத்தில், ஒரு தோள் வெட்டுப்பட்டு, அவள். கறுப்புக் கோட்டின் மேல் கறுப்பு எழுத்து. அந்த வரி அவனுடைய கழுத்துப் பட்டிக்கும் முதல் பொத்தானுக்கும் இடையில் காணாமல் போயிருந்தது.

அன்றிரவே தொலைபேசியில் கேட்டேன்.

“ஆர் அத்தான் உதெல்லாம் வாசிக்கிறது? சனம் படத்தைத்தான் பாக்கும்.”

அந்தப் பக்கத்தை மட்டும் திருத்தி அச்சிட்டு, புத்தகம் பெற்ற எல்லோருக்கும் அனுப்பும்படி பதிவுத் தபாலில் எழுதினேன். பிறகு நினைவூட்டல். பிறகு இரண்டாவது நினைவூட்டல். பதில் போடாமல் இருப்பதும் ஒரு நடைமுறைதான். அதை அவன் எனக்குக் கற்றுத்தரத் தேவையில்லை. காத்திருந்தேன்.

எங்கள் வாசிகசாலைக்கு அவன் கூரை போட்டுக் கொடுத்தான். நிர்வாகம் அவனைக் கௌரவிக்க முடிவுசெய்தது. உடனே அவனிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது.

“வாழ்த்துமடல் நீங்கள்தான் செய்யவேணும், அத்தான். உங்கடை தமிழ் எண்டால்தான் எடுபடும்.”

“டிசைனும் நானே பாக்கிறன், தம்பி,” என்றேன்.

நன்றாகவே எழுதினேன். பழிவாங்கும்போது வேலை சுத்தமாக இருக்கவேண்டும். சந்தியில் கணினி வேலை செய்து கொடுக்கும் கொம்யூனிகேஷன் கடைக்கு அதே நயாகராப் படத்தைக் கொண்டுபோனேன்.

“ஐயா, படத்தை வெளிற வைக்காட்டி எழுத்துத் தெரியாது,” என்றாள் அங்கே வேலை செய்யும் பெண்.

“ஓம் பிள்ளை. அந்தக் கட்டத்திலை இருக்கிற சரியை எடுத்துவிடு.”

வாசிகசாலைச் செயலாளர் அதைக் கையில் வாங்கி, “படம் நல்ல வடிவு, ஐயா,” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிச் சட்டம் போடக் கொடுத்தார். அவரும் வாசிக்கவில்லை.

விழாவில், அவன் பொன்னாடையோடு நிற்க, அறிவிப்பாளர் சட்டத்தைத் தூக்கினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ரியூப் லைற் பக்கம் சரித்துப் பிடித்தார். “உயர்திரு...” என்று தொடங்கி இருமினார்.

“அண்ணை, கோட்டுப் பொக்கற்றுக்கை தேடிப் பாருங்கோ!” என்று பின்வரிசையில் ஒரு குரல். மண்டபம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, இரண்டாம் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தேன்.

விழா முடிந்ததும் வாசலில் என்னைப் பிடித்தான். “என்ன அத்தான் இது, ஒரு எழுத்தும் தெரியேல்லை!”

“ஆர் தம்பி உதெல்லாம் வாசிக்கிறது? சனம் படத்தைத்தான் பாக்கும்.”

தன் சொற்கள்தான் என்று அவனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பொன்னாடை தோளிலிருந்து வழுக்கியது. அதை அவன் இழுத்துவிடவில்லை.

“படமில்லாத பிரதி என்னட்டை இருக்கு. ஐந்தாம் பக்கம் வரட்டும், தாறன்,” என்றேன்.

சொல்லிக்கொள்ளாமலே கனடாவுக்குத் திரும்பிப் போனான். மாதங்கள் போயின. வாழ்த்துமடலின் நல்ல பிரதி என் மேசை இலாச்சியில் கிடந்தது.

பிறகு ஒரு காலை, கிருத்தியத்துக்கு வந்த உறவினர் ஒருவர் ஒரு தாளோடு படலையைத் திறந்தார். தன் வீட்டுக்கும் தபாலில் வந்ததாம். “உவள் கம்பஸுக்கு எடுபட்டவள் எண்டு எங்களுக்கு ஒருதரும் சொல்லேல்லையே,” என்றார். அன்றைய தபாலில் எனக்கும் வந்திருந்த உறையை அப்போதுதான் பிரித்தேன். வெள்ளைத் தாள். படமில்லை, விளக்கமில்லை, மன்னிப்பும் இல்லை. எழுத்துப் பிழை தேடினேன், அதுவும் இல்லை. அந்த வரி நடுவில், கறுப்பாக, முழுதாக இருந்தது.

வழக்கப்படி உறையின் மூலையில் கிடைத்த திகதியைக் குறித்தேன். அன்று அவள் போய் ஒரு வருடம், ஆட்டைத் திவசம்.