காசில் இல்லாத அரசியின் பெயர்

சனிக்கிழமை காலை 9.40. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகர மையத்தில், ஒடாஹுஹு புறநகருக்குப் போகும் பேருந்தில் ஏறினேன். கட்டணம் மூன்று டாலர் இருபது சென்ட். தூரம் பதின்மூன்று கிலோமீட்டர். பையில் ஒரு புகைப்படம்: எகிப்தை ஆண்ட ஓர் அரசி வெளியிட்டதாகச் சொல்லப்படும் தங்கக் காசு. லண்டன் ஏலப் பட்டியல் ஒன்றில் வந்தது.

அடிமையாய் அரண்மனைக்குள் வந்து, சுல்தானின் மனைவியாகி, அவர் இறந்தபின் அரியணை ஏறியவள் அவள். இடைக்கால இஸ்லாமிய அரச குலத்துப் பெண்களைப் பற்றி முதுகலை ஆய்வு செய்கிறேன். மசூதி கட்டியவர்கள், சிறுவயது மகனுக்காக நாடாண்டவர்கள் என்று பலரைப் பற்றி எழுதியாயிற்று. சொந்தமாகக் காசு வெளியிட்டவள் என்று காட்ட இந்த ஒருத்தியைத்தான் நம்பியிருந்தேன். "அரபு தெரிந்தவரிடம் வாசித்துக் கேள். காசு சந்தேகமென்றால் அத்தியாயத்தையே எடுத்துவிடு" என்றார் பேராசிரியர். திங்கட்கிழமை கெடு. அத்தியாயம் போனால் உதவித்தொகையும் போகும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் பாதியில் திரும்புவான்.

"ஒடாஹுஹுவில் என்ன வேலை?" என்றார் சமோவாக்கார ஓட்டுநர்.

"ஓர் அரசியைப் பற்றி விசாரிக்க."

"அங்கே நிறைய அரசிகள். என் மாமியாரும் ஒருத்தி."

10.30. கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வீடு. இலங்கையில் கல்முனையிலிருந்து வந்த பெண், துணி தைப்பவர், பிள்ளைகளுக்கு அரபு சொல்லித் தருபவர் என்று அங்குள்ள தமிழ்க் கடைக்காரர் ஒருவர் அனுப்பியிருந்தார். சங்கிலியை எடுக்காமலே கதவு திறந்தது.

"ஆரு?"

"யுனிவர்சிட்டிலேருந்து வரேங்க. ஒரு காசுல இருக்கறதை வாசிச்சுச் சொல்லணும்."

"காசெண்டா பேங்குக்குப் போங்க."

மாணவர் அட்டையை இரண்டு பக்கமும் பார்த்தபிறகே சங்கிலி விலகியது. முப்பத்தைந்து வயதிருக்கும். தையல் மெஷின் விளக்கடியில் படத்தைப் பிடித்தார்.

"முஸ்லிம்கள்ட அரசி எண்டு இரிக்கி. பொறகு, கலீல்ட உம்மா."

"பேரு?"

"பேர் இல்ல."

"ஓரத்துல எங்கயாவது இருக்கும், பாருங்க."

"நான் வாசிக்கிறதில நம்பிக்கை இல்லாட்டி எதுக்குத் தம்பி வந்தீங்க?"

முதலில் அவரைச் சந்தேகித்தேன், பிறகு காசை. நாடாளும் பெண் தன் காசில் தன் பெயரைப் போடமாட்டாளா? போலி செய்தவனுக்கு அவள் பெயர் தெரியவில்லை என்று முடிவு கட்டிப் படத்தைப் பையில் வைத்தேன்.

அப்போது வாசலில் ஒருவர் வந்து நின்றார். "ஃபஸ்லிட உம்மா, என்ட ட்ரவுசர் முடிஞ்சா?"

"நாளைக்கு வாங்க."

அவர் போனதும், பேச்சுக்காக, "பையன் வெளியில போயிருக்கானா?" என்றேன்.

"ஃபஸ்லி மூணு வயசில மௌத்தாகிட்டான். ஊர்லதான்." ஊசியில் நூல் கோத்தார். "அந்தக் கலீல்?"

எனக்குத் தெரியும். "அவனும் சின்ன வயசுலயே இறந்துட்டான். அவ அரியணை ஏறும்போது அவன் இல்ல."

"அப்ப சரிதானே."

அடிக்குறிப்புக்காக அவர் பெயரைக் கேட்டேன். "ஃபஸ்லிட உம்மா எண்டே போடுங்க."

அப்போதும் என் சந்தேகம் தீரவில்லை. மதியம் 2.00 மணிக்கு நூலகத்தில் இருந்தேன். அதுவரை நான் படித்தவை ஆங்கிலச் சுருக்கங்கள். அவற்றில் இருந்தது அரண்மனையில் அவளுக்கு வைத்த பெயர் மட்டுமே. அவளைப் பற்றிய பெரிய புத்தகம் ஒன்றில் இருந்தது: ஆணைகளிலும் அவள் கையெழுத்து 'கலீலின் தாய்' என்றுதான். போலி செய்பவனும் இதைப் படித்திருக்கலாம். ஆனால் பெயர் இல்லையென்று இனி இந்தக் காசை ஒதுக்க முடியாது. எங்கள் தெருவிலும் என் அம்மாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை; என் பெயரைச் சொல்லி அவன் அம்மா என்பார்கள். அது எனக்கு ஒருநாளும் சந்தேகமாகப் பட்டதில்லை.

அத்தியாயத்தை எடுக்கவில்லை. அடிக்குறிப்பில் எழுதினேன்: 'வாசித்தவர்: ஃபஸ்லியின் உம்மா, ஒடாஹுஹு.' பெயர் எங்கே என்று பேராசிரியர் கேட்பார். இதுதான் பெயர் என்று சொல்லப் போகிறேன்.