ஈர வேட்டிக்கு ஓர் அம்பா

நொச்சிக்குப்பத்தில் பெரிய வலை இழுக்கும்போது பாட்டெடுத்துக் கொடுக்க ஒரு குரல் வேண்டும். அந்தப் பாட்டுக்குப் பெயர் அம்பா. ஒருவர் ஒரு வரியைத் தூக்கிக் கொடுப்பார். கயிற்றைப் பிடித்திருக்கும் மற்ற எல்லாரும் ‘ஏலேலோ’ என்று பதில் சொல்லிக்கொண்டே இழுப்பார்கள். பதில் ஒன்றாக வராவிட்டால் இழுப்பும் ஒன்றாக வராது, வலை கோணிக்கொள்ளும். என் அக்கா தேசம்மாவின் கணவர் பக்கிரிதான் பல காலம் எங்கள் கரையில் அந்தக் குரல்.

மாமாவின் அம்பாவில் சாமி பெயர் முதல் வரியில் மட்டும் வரும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் குப்பத்து ஆட்களின் மானம். யார் கள்ளுக்கடை வாசலில் விழுந்து கிடந்தான், யார் பெண்டாட்டியிடம் துடைப்பத்தால் வாங்கினான், எல்லாமே வரியாகிவிடும். என் தொப்பையை அவர் பாடாத நாளில்லை. எங்களோடு வலை இழுக்கும் ரங்கன் ஒருதடவை தண்ணீர்ப் பாம்பைக் கண்டு அலறியதை ஒரு பருவம் முழுக்கப் பாடினார். பாட்டில் பெயர் வந்தால் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் வழக்கம். மனதில் வைத்துக்கொள்ளலாம், அதற்குத் தடையில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலில் மாமாவுக்கு நீர் அடைத்துக்கொண்டது. பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து, மூத்திரப் பைக்கு அடியில் இருந்த கட்டியை எடுத்தார்கள். புற்றுக் கட்டி என்றார் டாக்டர். ஆள் பிழைத்ததே பெரிது என்று அக்கா முண்டகக்கண்ணி அம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். நீர் இறங்க வைத்திருந்த ரப்பர் குழாயை எடுத்த பிறகுதான் அடுத்த தொல்லை தெரிந்தது. வர மாட்டேன் என்று அடம்பிடித்த நீர், இப்போது நிற்க மாட்டேன் என்றது. இருமினால் சொட்டும், சிரித்தால் சொட்டும், பாரம் தூக்கினால் கேட்கவே வேண்டாம்.

“கொஞ்சம் கொஞ்சமா சரியாயிடும். முட்டினா உடனே ஓடாதீங்க, அடக்கிப் பழகுங்க. பல மாசம் ஆகும்” என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

குப்பத்துக்குத் திரும்பியதும் மாமா கண்டுபிடித்த வைத்தியம் வேறு. விடிந்ததும் கடலில் இடுப்பளவுத் தண்ணீரில் போய் நிற்பார். கேட்டால், தையல் போட்ட இடத்துக்கு உப்புத் தண்ணீர் நல்லது என்பார். லேசாக முட்டினால் போதும், அலைக்குள் இறங்கிவிடுவார். உடம்பெல்லாம் ஈரம், வேட்டியெல்லாம் ஈரம். எது கடல், எது அவர் என்று யாருக்குத் தெரியும்? கடலை நம்பிப் பிழைக்கிறவனுக்கு மட்டும்தான் இப்படி ஒரு மறைவிடம் வாய்க்கும்.

வலை இழுக்க மட்டும் வரவில்லை. அம்பா எடுப்பவர் கயிற்றின் கடைசியில், உலர்ந்த மணலில் நிற்க வேண்டும். அலைச் சத்தத்துக்குள் நின்று கூப்பிட்டால் யார் காதிலும் விழாது. “தொண்ட கட்டிக்கிச்சி” என்று சொல்லிவிட்டார். அவருக்குப் பதிலாக ரங்கன் எடுத்தான். அந்தக் குரலைச் சுமார் என்று சொல்வதுகூடப் பொய். மாமா தண்ணீரில் நின்றபடி அவனுடைய ஒவ்வொரு வரியையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். தன் பெயர் எப்போது வரும் என்றுதான் கேட்கிறார் என்பது எனக்கு மெல்லத்தான் புரிந்தது. ஊரையே பாடிய மனுஷன், ஊர் தன்னைப் பாடிவிடுமோ என்று நடுங்கினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

மாதங்கள் போயும் நிலைமை மாறவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த சாந்தோம் ஜெசிந்தா, அக்காவிடம் மீன் வாங்க வந்த இடத்தில், “உங்க வீட்டுக்காரரு அடக்கிப் பழகறாரா அக்கா?” என்று கேட்டாள். அக்காவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. கூடையை அப்படியே போட்டுவிட்டுக் கரைக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

“இன்னாயா, டாக்டரு அடக்குன்னு சொன்னா நீ கடல்ல தொறந்து வுட்டுக்கினு நிக்கிற? அது எப்பிடியா கத்துக்கும்?”

“கத்தாதடி, ஆளுங்கோ கீறாங்கோ.”

“கீறட்டும். மேல வா.”

அவள் கருவாடு காயப்போடும் இடத்தில், சுடுமணலில் அவரை உட்கார வைத்தாள். “தோ ஒரு கட்டுமரம் வருது பாரு. அது கரை ஏறுற வரிக்கும் புடிச்சிக்கோ. அப்பால போ.” அது பழகியதும் அதற்குப் பின்னால் வரும் மரம், பிறகு அதற்கும் பின்னால் புள்ளியாகத் தெரியும் மரம். பல நாள் மரம் கரையேறுவதற்கு முன்பே மணல் நனைந்துவிடும். அக்கா காலால் மணலைத் தள்ளி மூடிவிட்டுக் கருவாட்டைத் திருப்பிப் போடுவாள். பயத்தில் தண்ணீரே குடிக்காமல் இருந்தார் என்று தெரிந்த அன்று மட்டும் சொம்பு பறந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் உட்கார்ந்தால் நின்றது, நடந்தாலும் நின்றது. குரலை எடுத்தால் மட்டும் நிற்கவில்லை. வீட்டுக்குள் ஒருநாள் மெதுவாக ஒரு வரி பாடிப் பார்த்துவிட்டு, வேட்டியைக் குனிந்து பார்த்தார். அன்று அவர் சாப்பிடவில்லை.

தை மாதத்தில் ஒருநாள் நெத்திலி கூட்டமாக வலையில் விழுந்தது. அப்படி ஒரு பாரம். பாதி இழுப்பில் ரங்கனின் தொண்டை போயிற்று. ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்க, வலை அலையில் கோணியது. எல்லாரும் மணலில் உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்தார்கள்.

“நனைஞ்சிரும்டி” என்றார் அக்காவிடம், பக்கத்தில் கயிற்றைப் பிடித்திருந்த என்னைத் தவிர வேறு யார் காதிலும் விழாதபடி.

“நனைஞ்சா காயும். போ.”

மாமா எழுந்து போய்க் கயிற்றின் கடைசியில் நின்றார். சாமி பெயரை எடுத்தார். அதே பழைய குரல். எல்லாரும் இழுத்தோம். அடுத்த வரிக்கு அவர் வாயைத் திறந்தபோது, வேட்டியின் முன்பக்கம் நனைந்து இறங்கியது. கயிற்றில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள், ரங்கனும் பார்த்தான். இழுப்பு நின்றது. மாமா கடலைப் பார்த்தார். ஓடினால் ஐந்தாறு எட்டில் இறங்கிவிடலாம்.

அவர் ஓடவில்லை. கயிற்றை இறுக்கிப் பிடித்து, முன்பைவிட உரக்க எடுத்தார்:

“பக்கிரி வேட்டி ஈர வேட்டி!”

கயிற்றைப் பிடித்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, கட்டிப்போன தொண்டையோடு முதல் ஆளாக ரங்கன் கத்தினான்: “ஏலேலோ!”

“பாத்துக்கினு இன்னா, இழு நைனா!” என்று மாமா அடுத்த வரியைத் தூக்கிக் கொடுத்தார்.

“ஏலேலோ!” என்று கரையே சொன்னது. சிரித்துக்கொண்டே இழுத்தோம், எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வலை நேராகிக் கரைக்கு வந்தது.

அடுத்து வந்த ஆடிக்குள் மாமாவுக்கு முழுக்கச் சரியாகிவிட்டது. எவ்வளவு உரக்கப் பாடினாலும் ஒரு சொட்டு இல்லை. வேட்டி காய்ந்த பிறகும் அந்த வரியை மட்டும் அவர் விடவில்லை. சாமி பெயருக்கு அடுத்தபடி அதுதான் வரும். என் தொப்பை அதற்கு அப்புறம்தான்.