எங்கள் கிடங்கறைக்கு ஒரு தரை

கல்யாணமாகி ஏழு மாதம் ஆகியும் நானும் என் வீட்டுக்காரரும் தனியாகப் பேசிக்கொள்ள எங்களுக்குக் கிடைத்த ஒரே இடம் கிணற்றடிதான். அங்கேயும் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் யாராவது குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். ராயபுரத்து அந்த வீட்டில் மொத்தம் பதினோரு பேர். ஆண்கள் மொட்டை மாடியில், பெண்கள் கூடத்தில் என்று படுக்கை. பிறந்த வீடு பக்கத்திலேயே காலடிப்பேட்டையில்தான் இருந்தது. கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அவரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசில்லை. அவரை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. சொல்ல என்ன வெட்கம்?

கூடத்து மூலையில் ஒரு கதவு உண்டு. திறந்தால் எட்டுப் படி கீழே இறங்கும் கிடங்கறை. முன்பு யாரோ உப்பு வியாபாரி கட்டிய வீடாம். மூட்டை மூட்டையாக உப்பு வைத்து ஊறிப்போன மண் தரை அது. ஆனால் சித்திரை வெயிலில் வீடெல்லாம் கொதிக்கும்போது அந்த அறை மட்டும் சில்லென்று இருக்கும். ஒருநாள் மாமியார் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது நேராகவே கேட்டுவிட்டேன்.

"அத்தே, கீழ் ரூமை எங்களுக்குக் குடுங்க."

அவர் கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தார். "கேக்கறாளே பாரு, கூச்சமே இல்லாம! சரி. தரை போட்டுக்கோங்க. மழைக்காலம் முடியற வரைக்கும் தரையில ஈரம் ஏறலைன்னா ரூமு உங்களுது. ஏறிச்சின்னா பெரியவன் கயித்தைக் கொணாந்து போட்டுக்குவான்."

பெரியவன் என்றது என் வீட்டுக்காரரின் அண்ணனை, என் மூத்தாரை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் தேங்காய் நார்க் கயிறு வியாபாரம் அவருக்கு. நனைந்தாலும் கெடாத சரக்கு. அந்தக் கிடங்கின் மேல் அவருக்கு ரொம்ப நாளாகக் கண்.

அன்றிலிருந்து வீட்டில் எல்லாருமே தரை நிபுணர்கள் ஆகிவிட்டார்கள். அறை எதற்கென்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்; தரையைப் பற்றி மட்டும் மணிக்கணக்காகப் பேசுவார்கள். மாமனார் கடப்பைக் கல்தான் என்றார். கொத்தனார் சிவப்புச் சாயம் கலந்த சிமெண்டுதான் என்று சத்தியம் பண்ணினார். நான் இரண்டையும் நம்பவில்லை. கீழே ஒரு மூலையில் நாலு கல்லைப் பதிக்கச் சொன்னேன், இன்னொரு மூலையில் ஒரு முழத்துக்குச் சிமெண்டு பூசச் சொன்னேன். இரண்டும் காய்ந்த பிறகு மேலே பித்தளைத் தாம்பாளங்களைக் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் காலையில் தாம்பாளத்தை எடுத்தால் கல்லின் இடுக்கெல்லாம் வேர்த்திருந்தது. சிமெண்டின் மேல் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்திருந்தது. மூத்தார் படியில் நின்று பார்த்துவிட்டு, "ரெண்டு வண்டி கயிறு தாராளமா புடிக்கும்" என்றார்.

என் வீட்டுக்காரர் சரக்குப் படகுகளைப் பழுது பார்க்கும் தச்சர். அதிகம் பேச மாட்டார். அன்று சாயங்காலம் கிணற்றடியில், "கல்லும் தெரியாது, சிமெண்டும் தெரியாது. தண்ணி மேல பலகை போடத்தான் எனக்குத் தெரியும். போட்டுடட்டா?" என்றார்.

கழித்துப் போட்ட பலகைகளை வண்டியில் கொண்டுவந்தார். குறுக்குக் கட்டைகளின் மேல் அவற்றை வரிசையாக அடித்தார். இடுக்குகளில் பருத்தித் திரியைத் திணித்து, குங்கிலியம் காய்ச்சி ஊற்றினார். மரம் ஈரத்தில் ஊதும் என்று சுவரோரம் நாலு பக்கமும் இரண்டு விரல் இடைவெளி விட்டார். எல்லாம் படகுக்குச் செய்கிறபடிதான். வீடு முழுக்கக் குங்கிலிய வாசனை. ஆடி முடிந்து என் பெட்டியையும் பாயையும் கீழே இறக்கினோம். அதற்கடுத்த இரண்டு மாதம் நாங்கள் பேசிய பேச்சுக்கு அளவே கிடையாது. அவருக்குப் பாடக்கூடத் தெரியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் விடிந்ததும் பாயில் எழுந்து உட்கார்ந்தேன். அறை ஆடியது. எனக்குத்தான் தலை சுற்றுகிறது என்று நினைத்து அவரை எழுப்பினேன். அவர் எழுந்து ஓரத்துக்குப் போனார். தரை அந்தப் பக்கம் சாய்ந்தது. குனிந்து சுவரோர இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தார்.

"அடியே, தரை மெதக்குது!"

பூமிக்கடியிலிருந்து ஊறிய தண்ணீர் கீழ்ப்படி இரண்டை மூடியிருந்தது. அதற்கு மேல் எங்கள் தரை, பெட்டி, பாய், நாங்கள் இரண்டு பேர். பல வருஷம் படகு பார்த்த மனுஷர், தரையை மண்ணோடு பிணைக்க வேண்டும் என்று யோசிக்கவே இல்லை. நான் சிரித்த சிரிப்பில் மேலே எல்லாரும் விழித்துக்கொண்டார்கள்.

முதலில் ஓடி வந்தவர் மூத்தார். "தண்ணி வந்துடுச்சி! அம்மா, வந்து பாரு!" என்று கத்திக்கொண்டே படியிலிருந்து தரையில் கால் வைத்தார். நல்ல உடம்பு அவருக்கு. அந்த மூலை அமுங்கி, பலகை மேல் தண்ணீர் ஏறியது. "பாரு, ஈரம்!" என்றார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அறை போயிற்று என்றே நினைத்தேன்.

மாமியார் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். "அது உன் காலோட வந்த ஈரம்டா. ஏறு மேல!" என்று மகனைப் பிடித்து இழுத்துவிட்டார். மூலை மறுபடி எழும்பியது. அவர் படியிலேயே உட்கார்ந்து, கையை நீட்டி என் பாயைத் தொட்டார். பக்கத்துப் பலகையை உள்ளங்கையால் தடவினார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காஞ்சிதான் கீது" என்றார்.

"அம்மா, கீழ தண்ணி கீதே!" என்றார் மூத்தார்.

"நான் தரையைத்தான் சொன்னேன். தண்ணியைப் பத்தி இன்னா பேச்சு?"

அதற்குள் வீடே படியில் வந்து கூடிவிட்டது. மாமனார்கூட எட்டிப் பார்த்தார். மாமியார் எழுந்து எல்லாரையும் கையால் தள்ளிக்கொண்டே ஏறினார். "இன்னா வேடிக்கை இங்க? போங்க, அவங்கவங்க வேலையைப் பாருங்க." மேல்படியில் நின்று ஒருமுறை எங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கூடத்துப் பக்கமிருந்து தன் கையாலேயே கதவை இழுத்துச் சாத்தினார்.