அப்பாவின் குரல் இருந்த பக்கம்

அப்பாவுக்குத் தொண்டையில் புற்று. ஆபரேஷனில் குரல்வளையையே எடுத்துவிடுவோம், பிறகு பேச்சு வராது என்று டாக்டர் சொன்னதும் நான் ஒரு வலைப்பக்கம் எழுத உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய? எனக்குத் தெரிந்த பிழைப்பு அதுதான். திரையில் பெரிய பெரிய பொத்தான்கள்; ஒன்றைத் தொட்டால் அப்பாவின் குரலில் ஒரு பேச்சு. "சோறு போடு." "மோட்டார நிறுத்தினியா?" "வெல ரொம்ப ஜாஸ்திப்பா." ஆபரேஷனுக்கு முன்பே, அடியில் நான் வைத்த பதிவுப் பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் பேசிப் பதிந்தார்.

தனிச் செயலி ஏற்ற அவர் போனில் இடம் கிடையாது, முக்கால்வாசி குட்மார்னிங் படங்கள். பிரவுசரோ எந்த ஓட்டை போனிலும் இருக்கும். யார் அனுமதியும் வேண்டாம், முகவரியைத் தட்டினால் போதும். மரவள்ளிக்கிழங்கு வாங்க அவர் கல்வராயன் மலைக்குப் போகிறவர், அங்கே டவர் கிடைக்காது. அதனால் பதிவுகள் போனிலேயே, பிரவுசருக்குள்ளேயே தங்கும்படி செய்தேன். வெளியே ஒரு பிரதி வைக்கலாமா என்றதற்கு எகிறினார். "என் கொரலு கண்டவன் கம்ப்யூட்டர்ல எதுக்குமா?" போகப்போகிற குரலோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

ஆபரேஷன் முடிந்து தேறியதும் மலைக்குப் போய், பொத்தானை அழுத்தியே பேரம் பேசிவிட்டு வந்தார். அன்றைக்கு அம்மா சிரித்ததை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

போகி வந்தது. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, பழசையெல்லாம் வாசலில் கொளுத்திய கையோடு அம்மா அப்பாவின் போனையும் எடுத்துக்கொண்டு கச்சிராயபாளையத்து செல்போன் கடைக்குப் போனாள். "எதத் தொட்டாலும் தொறக்காம ரொம்ப சுத்திக்கினே கீது, இதுல கீற குப்பையும் தள்ளிக் குடுங்க" என்றாளாம். படங்கள் போனால் ஜனங்கள் சண்டைக்கு வருவார்கள் என்று கடைக்காரர் அவற்றைத் தொடவில்லை. பிரவுசரில் சேர்ந்திருந்ததை மட்டும் ஒரே தட்டில் துடைத்துவிட்டார். பார்த்து மறந்த சினிமாச் செய்திகளோடு அப்பாவின் குரலும் போய்விட்டது. பாழாய்ப்போன பிரவுசர்! குடியிருக்க இடம் கொடுக்கும், பத்திரம் எழுதித் தராது. அதை நம்பித்தான் இத்தனை வருடமாகச் சோறு தின்கிறேன்.

அம்மா நம்பவில்லை. "எந்த போன்ல தொறந்தாலும் வரும்னு நீதானடி சொன்ன?"

பொங்கலுக்கு வந்தவர்களின் போன்களையெல்லாம் வாங்கித் திறக்க வைத்தாள். எல்லாவற்றிலும் பக்கம் வந்தது. பொத்தான்களும் வந்தன. தொட்டால் சத்தம்தான் இல்லை. "பாவி, நானே கொளுத்திட்டனே!" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அவளைப் பார்க்கவே முடியவில்லை.

அப்பா தன் போனை எடுத்தார். பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு, அவளைப் பார்த்து உதட்டை அசைத்தார். ஆபரேஷனில் கழுத்தில் வைத்த துளையில் மூச்சு வந்து போனது. அப்புறம் போனை அவளிடம் நீட்டினார்.

அம்மா தொட்டாள். உஸ்ஸென்று காற்று மட்டும் கேட்டது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் தொட்டாள்.

"உங்கப்பாதான்டி" என்றாள். "இத எங்கயும் போவாம வெச்சிக் குடு."