நேசையன் செத்துப்போன மத்தியானம்

நேசையன் பட்டாளத்தில் சேர்ந்து வருஷம் இரண்டாகியும், அங்கே அவன் என்ன வேலை பார்க்கிறான் என்பதைத் திருவனந்தபுரம் சாலைத் தெருவில் ஒருவருக்கும் விளங்கவைக்க முடியவில்லை. ஸ்கவுட் என்று சொன்னால், ஆறாட்டுத் திருவிழாக் கூட்டத்தில் கயிறு பிடித்து நிற்கும் நிக்கர் போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகளைத்தான் ஜனங்களுக்குத் தெரியும்.

“அந்த வயசெல்லாம் உனக்குக் கழிஞ்சு போச்சே, நேசையா?” என்று அரிசிக்கடை அழகியநம்பி பிள்ளை உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டார்.

“இது வேற, அண்ணாச்சி. நான் படைக்கு முன்னால போவேன். போய்ப் பாப்பேன்.”

“பாத்து?”

“திரும்பி வந்து, பாத்ததைச் சொல்லுவேன்.”

“அப்பம் சண்டை?”

“அது பின்னால வாறவிய போடுவாவ.”

பிள்ளை அரிசிப் படியைக் கீழே வைத்தார். “கொள்ளாம். பாக்குறதுக்கும் சம்பளம் உண்டுன்னா, இந்தத் தெருவில பாதிப்பேரு பிரபுவா இருக்கணுமே.”

பார்ப்பது லேசான வேலை என்று எண்ணுகிறவர்கள் ஒருநாள் பார்த்துவிட்டுப் பேசலாம். அது நாற்பத்துமூன்றாம் வருஷம். பர்மாவில் ஜப்பான்காரன் உட்கார்ந்திருந்தான். அவனை எழுப்பி அனுப்புவதற்காக, ஊருக்கு வெளியே முகாமிட்டிருந்த பட்டாளம் காட்டுச் சண்டை பழகிக்கொண்டிருந்தது. கம்பெனி எழுந்து பல் துலக்கும்போது ஸ்கவுட் ஈரப் புல்லில் வயிற்றால் ஊர்ந்துகொண்டிருப்பான். பூட்ஸ் கிடையாது, ரப்பர் அடி வைத்த கித்தான் செருப்பு. தலைக்கு எண்ணெய் கிடையாது. காற்று திரும்பினால் ஜப்பான்காரனுக்கு வாசம் போய்விடுமாம். திருவனந்தபுரத்துக்காரனைத் தேங்காயெண்ணெய் இல்லாமல் நடமாடவிடுவதைவிட நேராகச் சுட்டுவிடலாம். ஆனால் அந்தக் காரியத்துக்கு ஏற்கெனவே ஜப்பான்காரனை ஏற்பாடு செய்திருந்தார்கள். பீடி கிடையாது, பச்சை வெங்காயம் கிடையாது, இருமல் கிடையாது. அட்டை ஏறினால் அது குடித்து முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருக்க வேண்டும். சோறு வரும்போது அவன் இருக்கமாட்டான். அவன் வரும்போது சோறு இருக்காது.

இத்தனைக்கும் மேலே ஒரு சட்டம் இருந்தது. கண்ணால் கண்டதைச் சொல். மனசில் நினைத்ததைச் சொல்லாதே. ‘தோப்புக்குள்ளே புகை தெரிகிறது’ என்று சொல்லலாம். ‘எவனோ சோறு வடிக்கிறான்’ என்று சொன்னால் வசவு விழும். நினைப்பது ஆபீசர்மாருடைய இலாகா.

இந்தச் சட்டம் மெல்ல மெல்ல வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. லீவில் வந்தவனைப் பார்த்து அவன் பெண்சாதி தங்கபாய் சட்டுவத்தை நழுவவிட்டாள். “மனுசன் வாறதுன்னா செருப்புச் சத்தம் கேக்கணும். பூனை மாதிரி முதுகுக்குப் பின்னால வந்து நிக்காதீங்க, எனக்கு உசிரு போவுது.” மீன்குழம்பில் உப்பு கூடிப்போயிற்றா என்று அவள் கேட்டாலும் அவன் பதில் சொல்லத் தயங்கினான். உப்பு இருந்தது, அதை அறிவான். கூடிப்போனது என்பது அவன் நினைப்பல்லவா?

ஸ்கவுட் தனியாகப் போவதில்லை. இரண்டு பேர் ஒரு ஜோடி. ஒருவன் நகரும்போது மற்றவன் படுத்துக் காவல் பார்ப்பான். பிறகு இவன் படுப்பான், அவன் நகர்வான். நேசையனுக்கு ஜோடி கரமனை வேலாயுதன். நாஞ்சில் நாட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பம், வாய் ஓயாதவன். பேசக்கூடாத வேலைக்கு அவனை யார் எடுத்தார்களோ! காட்டில் அடக்கிவைத்த பேச்சையெல்லாம் முகாமுக்கு வந்து நேசையன் தலையில் கொட்டுவான். ஒரே தட்டில் தின்பார்கள், ஒரே கம்பளியில் தூங்குவார்கள். வேலாயுதன் பெண்சாதி பொன்னம்மை சீடை கொடுத்தனுப்பினால், பாதி நேசையனுக்கு என்று பிரித்துத்தான் கட்டியிருப்பாள்.

இந்தச் சிநேகத்துக்கு நடுவே பட்டாளம் ஒரு பட்டையைக் கொண்டுவந்து போட்டது.

லான்ஸ் நாயக் பட்டை; கைச்சட்டையில் தைக்கிற ஒரு துண்டுத் துணி. அதைத் தைத்துக்கொண்டவன் புது ஆட்களுக்கு ஸ்கவுட் வேலை சொல்லிக்கொடுக்கத் திருவனந்தபுரத்திலேயே தங்கிவிடலாம். கிடைக்காதவன் பட்டாளத்தோடு ரயிலேறி பர்மாவுக்குப் போகலாம். பட்டை ஒன்று, தகுதியுள்ளவர்கள் இருவர். யாருக்கு என்பதைக் கல்லாற்றில் நடக்கப்போகும் பொய்ச்சண்டையைப் பார்த்துத் தீர்மானிப்பதாகச் சொல்லிவிட்டார்கள்.

“உனக்குக் கிடைச்சா எனக்குச் சந்தோசம்தான், கேட்டியா மக்கா?” என்றான் வேலாயுதன்.

“எனக்கும் அப்படித்தான்” என்றான் நேசையன்.

அன்றிலிருந்து இருவரும் தனித்தனிக் கம்பளியில் தூங்கினார்கள்.

ஐப்பசி மாசம். வித்துராவரை லாரி, அதற்கப்பால் நடை. கல்லாறு என்பது பெயருக்கேற்றபடி கல்லும் ஆறும்தான். யானை யானையாகப் பாறைகள் கிடக்க, இடுக்குகளில் முழங்கால் மட்டும் தண்ணீர் கண்ணாடிபோல ஓடிக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் இன்னொரு கம்பெனிக்காரர்கள் தொப்பியில் சிவப்புத் துணி சுற்றிக்கொண்டு ஜப்பான்காரர்களாக ஆகியிருந்தார்கள். பாறைமேல் பாறையாகக் கடந்துபோய் அவர்கள் எங்கே பதுங்கியிருக்கிறார்கள் என்று பார்த்துவர வேண்டும். இதுதான் ஜோடிக்கு இட்ட வேலை.

நேசையன் முன்னால் போனான். கரையோரம் உயர்ந்து நின்ற பாறைமேல் ஏறி, இம்மி அளவு தலையைத் தூக்கினான். விசில் ஊதிற்று.

அம்பயர் கேப்டன் நாகேஸ்வரன் புதருக்குப் பின்னாலிருந்து வந்தார். கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் பிறந்து, பி.ஏ. முடித்து, யாரைச் சாகடிப்பது யாரைப் பிழைக்கவைப்பது என்று தீர்மானிக்கும் உத்தியோகத்தில் அமர்ந்தவர்.

“நீ செத்துப்போயிட்டேப்பா” என்றார்.

“எதிர்க்கரையில யாரும் சுடலியே, சார்?”

“சுட்டிருப்பான். தலையைத் தூக்கினியோல்லியோ?”

“அவிய மரச்சீனிக் கெழங்கு அவிச்சுத் தின்னுக்கிட்டு இருக்காவ, சார்.”

“கண்ணால கண்டியா?”

“வாசம் வருது.”

“அப்போ அது உன் நினைப்பு. செத்துப்போ.”

நேசையன் கையில் வெள்ளை நாடா கட்டப்பட்டது. செத்தவர்களுக்கும் சட்டம் இருந்தது. போன பொய்ச்சண்டையில் செத்தவர்களெல்லாம் உட்கார்ந்தபடியே உயிரோடிருப்பவர்களுக்கு யோசனை சொல்லித் தொலைத்துவிட்டதால், இந்தத் தடவை அதைக் கடுமையாக்கியிருந்தார்கள். செத்தவன் செத்த இடத்தைவிட்டு நகரக்கூடாது. வாய் திறக்கக்கூடாது. அவன் உயிரோடிருக்கும் எவனை நோக்கிப் பேசுகிறானோ, அவனும் செத்தவனாகிவிடுவான்.

“தெரிஞ்சுதா?” என்று கேட்டார் கேப்டன். நேசையன் வாய் திறக்கவில்லை. “பேஷ்” என்று சொல்லிவிட்டு, அவர் ரோட்டோரத்துக் கலுங்குச் சுவரில் வைத்திருந்த தம்முடைய ஃபிளாஸ்க்கைத் தேடிப் போனார்.

சாவு முதலில் சுகமாகத்தான் இருந்தது. இத்தனை மாசத்தில் முதல்முறையாக நேசையன் வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்தான். ஒரு பீடி பற்றவைத்தான். செத்தவனுடைய புகையை எந்த ஜப்பான்காரன் மோந்தால் என்ன? ஆனால் பீடி பாதி எரிவதற்குள் மனசு கசந்துவிட்டது. கீழே வேலாயுதன் புதரோடு புதராகக் கிடந்தான். அசையாமல் வெகுநேரம் கிடந்துவிட்டு, பிறகு அழகாக, ஒரு கல்லும் உருளாமல், முதல் பாறைக்குத் தாவினான். பட்டை அவனுக்குத்தான். நேசையனுக்கு பர்மா. போயும் போயும் மரச்சீனி தின்கிறவன் சுட்டல்லவா பர்மாவுக்குப் போகவேண்டியிருக்கிறது!

அப்போதுதான் தண்ணீரில் இலைகள் வந்தன.

முதலில் பச்சை இலைகள். பிறகு ஒரு முறிந்த ஈற்றை மூங்கில் கொம்பு. கண்ணாடியாக இருந்த தண்ணீர், ஆற்றின் மேற்புறத்து வளைவிலிருந்து மெல்லத் தேயிலைச் சாயமாக மாறிக்கொண்டு வந்தது. பொன்முடி மலையுச்சி கறுத்து மூடிக்கிடந்தது. இங்கேயோ சுள்ளென்று வெயில். காலையில் டீக்கடைக்காரன் படைக்கே பொதுவாகச் சொல்லியிருந்தான்: “மலையில மழை பெய்ஞ்சா இங்க ஆத்தில நிக்கப்பிடாது, கேட்டோ.” எல்லாரும் கேட்டார்கள். எல்லாரும் டீ குடித்தார்கள்.

உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அந்த வளைவு நேசையனுக்குத் தெரிந்தது. ஆற்றின் நடுப்பாறையில் பதுங்கியிருந்த வேலாயுதனுக்குத் தெரியாது.

கூப்பிட வேண்டியதுதானே என்று இப்போது யாரும் கேட்கலாம். அவன் கண்டது இலை. கண்டது கலங்கல். மேலே எங்கேயாவது யானை இறங்கிக் குளித்தாலும் கலங்கும். வெள்ளம் என்பது இன்னும் வெறும் நினைப்பு. நினைத்ததைச் சொல்லி இவன் வாயைத் திறந்தால், வேலாயுதன் அந்த நிமிஷமே செத்தவனாகிவிடுவான், பட்டை போய்விடும். வெள்ளம் வராமலிருந்தால்? ‘பொறாமையில கத்தினான், கூட்டுக்காரனைக் கெடுத்தான்’ என்று முகாம் முழுக்கச் சொல்லும். எல்லாரையும்விட வேலாயுதனே உரக்கச் சொல்வான். இதைவிட அசிங்கமான காரணம் ஒன்றும் அடியில் கிடந்தது: வேலாயுதன் பட்டையை இழந்தால் அது யாருக்கு வரும் என்பது நேசையனுக்குத் தெரியும். தான் எதற்காகக் கூப்பிடப்போகிறோம் என்பது அவனுக்கே நிச்சயமில்லை. ஆகவே இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று பார்த்தான். பார்ப்பதற்குத்தானே சம்பளம்!

வளைவில் நுரை தெரிந்தது. கூடவே வண்டி வருவதுபோல் ஓர் இரைச்சல்.

“வேலாயுதா! ஏறு! வெள்ளம் வருது, கரையேறுடே!”

வேலாயுதன் திரும்பினான். முகமெல்லாம் சிரிப்பு. உதட்டில் விரலை வைத்துக் காட்டினான். “சவமே, சும்மா கெட! எனக்குத் தெரியும்டே உன் வேலை!”

“ஆண்டவர் மேல சத்தியம்டே, ஏறு!”

“நான் ஒண்ணும் கேக்கல. எனக்குக் காது கேக்கல” என்று இரண்டு காதையும் பொத்திக் காட்டிவிட்டு, வேலாயுதன் அடுத்த பாறைக்குத் தாவினான். கால் பாறையில் பட்டது. பிறகு பாறை தெரியவில்லை.

அவனை மறுநாள் வெகுதூரம் கீழே, ஒரு பாறையிடுக்கில் கண்டெடுத்தார்கள்.

விசாரணைக்கு முன்னால் சுபேதார் நயினார் நேசையனைப் பலாமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நல்ல மனுஷர், பட்டாளத்தில் நரைத்தவர்.

“சத்தம் குடுத்தியா?”

“குடுத்தேன், சாப். அவன் நம்பல.”

“வேற யாராவது கேட்டாங்களா?”

“இல்ல.”

சுபேதார் மீசையைத் தடவினார். “நீ எச்சரிச்சேன்னு சொன்னா, எச்சரிக்கையை மீறிப் போனான்னு ஆகும். தன் குத்தத்தால செத்தவன்னு எழுதிட்டா, பெண்சாதிக்குப் பென்சன் கெடையாது. சொல்லலேன்னு வச்சுக்க, டூட்டியில போன உசிரு. குழந்தை வேற இருக்குல்ல? உண்மை என்னான்னு நான் கேக்கல. யோசிச்சுக்க.”

யோசிப்பது நேசையனுடைய இலாகா அல்ல. இருந்தாலும் அன்று முழுக்க யோசித்தான்.

மறுநாள் கர்னலுக்கு முன்னால் விறைப்பாக நின்று சொன்னான்: “வெள்ளம் வந்ததைப் பார்த்தேன், சார். கூப்பிடலை. சட்டப்படி நான் செத்துப்போயிருந்தேன்.”

யாரும் சிரிக்கவில்லை. கேப்டன் நாகேஸ்வரன்தான் நெடுமூச்சு விட்டார். அவருடைய சட்டத்தை அந்தக் காட்டில் அட்சரம் பிசகாமல் காப்பாற்றியவன் ஒருத்தனாவது இருந்தானே! கட்டுப்பாடுள்ள சிப்பாய் என்று அவரே சிபாரிசு செய்தார். போட்டிக்கு வேறு ஆளும் இல்லை. பட்டை நேசையன் கைச்சட்டைக்கு வந்தது. பட்டாளம் தம்பானூரில் ரயிலேறியது. நேசையன் பிளாட்பாரத்தில் நின்றான். ஜன்னல்களிலிருந்து ஒருத்தரும் அவனுக்குக் கையாட்டவில்லை.

பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்தபிறகு, ஒரு ஏத்தன் வாழைக்குலையைத் தோளில் வைத்துக்கொண்டு கரமனைக்குப் போனான். பொன்னம்மை பாய் விரித்தாள். மோர் கொடுத்தாள். குழந்தை அவன் மடியில் ஏறிப் பட்டையைப் பிடித்து இழுத்தது.

“பென்சன் ஆர்டர் வந்துது, அண்ணா” என்றாள். “சுபேதாரு ஆளனுப்பினாரு.”

“நல்லது, தங்கச்சி.”

“முகாம்ல என்னென்னமோ சொல்லுதாவ. எனக்கு உங்க வாயால கேக்கணும். அவரு போறத நீங்க பாத்தியளா?”

“பாத்தேன்.”

“தண்ணி வாறதையும்?”

“அதையும்.”

“கூப்பிடல்லியா?”

நேசையன் அவளைப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாதவள். நாளைக்கே எந்த ஆபீசில் யார் கேட்டாலும் கேட்டதை அப்படியே சொல்லிவிடுவாள். இன்னொன்றையும் அவன் அந்தப் பாயில் உட்கார்ந்து பார்த்தான். கூப்பிட்டேன் என்று சொன்னால், எப்போது கூப்பிட்டாய் என்று அடுத்து கேட்பாள். இலை வந்தபோதா, நுரை வந்தபோதா?

“இல்ல” என்றான்.

பொன்னம்மை அழவில்லை. குழந்தையை அவன் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். மோர் செம்பை எடுத்து, மிச்சத்தை முற்றத்தில் கொட்டினாள்.

“அந்தக் குலையை எடுத்துக்கிட்டுப் போங்க” என்றாள்.

எடுத்துக்கொண்டு போனான். நல்ல வெயில். கரமனைப் பாலத்தில் இரண்டு பேர் அவன் பட்டையைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார்கள். மூன்றாவது ஆள் குலையைப் பார்த்தான். “விலைக்கா?” என்றான்.

நேசையன் அதை அவன் தோளிலேயே இறக்கிவைத்துவிட்டு நடந்தான்.

“துட்டு வேண்டாமா ஓய்? என்ன ஆளு இது!” என்று அவன் பாலத்தில் நின்று சிரித்தான்.