கப்பலில் வந்த அழுகை

நான் தைரியசாலி என்ற செய்தியை ஐம்பது வயது வரை நானேதான் பரப்பி வந்தேன். வடக்குப்பட்டு பக்கம், வெளிநாட்டுக் கழிவைப் பிரிக்கும் குடோனில் சூப்பர்வைசர் வேலை. கப்பலில் வரும் கட்டுகளுக்குப் பழைய பேப்பர் என்று பெயர். பிரித்தால் பாதி பிளாஸ்டிக்காக இருக்கும்.

ஒரு நாள் காலை, இறக்கி வைத்த கட்டு ஒன்றுக்குள்ளிருந்து குழந்தை அழுதது.

“ஐயோ, குழந்தை” என்று அலறியபடி ஓடினேன். கட்டை நோக்கி அல்ல, கேட்டுக்கு வெளியே. லாரிக்குப் பின்னால் போய் ஒளிந்தும் கொண்டேன். அழுகிற குழந்தை என்னை என்ன செய்துவிடும் என்று அப்போது யோசிக்கவில்லை.

பிரிக்கும் வேலை பார்க்கும் ஸ்டெல்லா அக்கா கட்டுக் கம்பியை வெட்டி, வெறும் கையால் கிளறினார். விரல் கிழிந்தும் நிறுத்தவில்லை. கடைசியில் ஒரு பேட்டரி பொம்மையை வெளியே இழுத்தார். பழக்க தோஷத்தில் அதை நகத்தால் தட்டி, சத்தத்தை வைத்து ரகம் பார்த்தார்.

“வா சார், கடிக்காது. கெட்டி பிளாஸ்டிக்குதான்.”

மானத்தைக் காப்பாற்றப் பேச்சை மாற்றினேன். “இத ஏன்க்கா இவ்ளோ தூரம் அனுப்புறாங்க?”

“அங்க ஆள் வச்சுப் பிரிச்சா கூலி கட்டாது. இங்க கம்மிக் கூலிக்கு நான் கீறேன்ல. அதான் உள்ள இன்னா கீதுன்னு பாக்காம கட்டி அனுப்புறான். நெஜக் கொயந்தயா இருந்தா இன்னா பண்ணியிருப்ப சார்?”

அக்கா கீழே வைத்திருந்த கம்பி வெட்டியைக் கையில் எடுத்தேன்.

இப்போது கட்டுகளின் முதல் கம்பியை நான்தான் வெட்டுகிறேன். நான் தயங்கினால் அக்கா அந்தப் பொம்மையின் வயிற்றை அமுக்குவார். அது அழும், நாங்கள் சிரிப்போம்.