மே/பா படிப்பகம்

எங்கள் லைனில் ஒரு படிப்பகம் இருக்கிறது. ஒரே அறை, ஓட்டுக்கூரை, உள்ளே ஒரு புத்தர் சிலை, இரண்டு பெஞ்சு, நாலு செய்தித்தாள். கர்நாடகத்துத் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸ் பகுதியில், சுரங்கத்து ஆட்களுக்காக வரிசையாகக் கட்டிய வீடுகளைத்தான் லைன் என்போம். எங்கள் லைன் முழுக்கத் தமிழ்ப் பௌத்தர்கள். வட ஆற்காட்டிலிருந்து பாறை உடைக்க வந்து, இங்கே புத்தரைக் கும்பிடத் தொடங்கியவர்களின் பேரப்பிள்ளைகள். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள், "அப்படி ஒரு கூட்டம் அங்கே உண்டா?" என்று கேட்பார்கள். உண்டு ஐயா, உண்டு. பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

போன வருஷம் அந்தப் படிப்பகத்தின் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். சாலையை அகலப்படுத்தப் போகிறார்களாம். படிப்பகம் அண்மையில் எழுப்பிய ஆக்கிரமிப்பாம். முன்பு அங்கே ஏதும் இருந்ததற்கும் ஆதாரம் இல்லை, அன்று இருந்தவர்களுக்கும் இன்று இருப்பவர்களுக்கும் தொடர்பு உண்டு என்பதற்கும் ஆதாரம் இல்லை, இருந்தால் மூன்று வாரத்தில் விசாரணைக்குக் கொண்டு வரலாம். கன்னடத்தில் இருந்ததை நான்தான் எல்லோருக்கும் படித்துச் சொன்னேன். 'அண்மையில்' என்ற இடத்தில் என் குரல் உயர்ந்துவிட்டது. என் அப்பா எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட அறை அது.

படித்து முடித்ததும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். "அக்கா, உங்க ஆபீஸ்ல பழைய புக்கெல்லாம் கீதுமே. நம்ம லைனுக்கு வந்த ரிஜிஸ்டர் தபால் புக்கு ஒண்ணு கெடச்சா போதும்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வேகமாக வீட்டுக்குள் போய்விட்டேன்.

கணவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அந்தப் புத்தகங்கள் இல்லை. காலாவதியான பதிவேடுகளைக் கழிக்க வேண்டும் என்பது விதி, அதைச் செய்தவள் நான். பட்டியல் எழுதி, மூட்டை கட்டி, அரக்கு வைத்து, கீழே அழகாகக் கையெழுத்தும் போட்டேன். சுத்தமாகச் செய்தேன் என்று பாராட்டு வேறு வாங்கினேன். எங்கள் தாத்தாக்கள் கட்டைவிரல் உருட்டிய பக்கங்களை நானே காகித ஆலைக்கு வழியனுப்பியிருக்கிறேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

"இன்னாமே, நீ ரூல்படி செஞ்ச. அதுக்கு இன்னா இப்போ? பீரோவத் தொற" என்றார் அவர்.

அவர் சுரங்கத்தில் சர்வே பிரிவில் அளவுச் சங்கிலி பிடித்தவர். அளக்கிற துரைமாருக்குப் பின்னால் வந்த அதிகாரிகளுக்குக் கோல் தூக்கியே முப்பது வருஷம் ஓட்டியவர். பழைய வரைபடங்களின் நகல்கள் கந்தலானபோது, பீரோத் தட்டில் விரித்துக்கொள் என்று ஓர் அதிகாரி அவரிடம் கொடுத்திருக்கிறார். அதனால் இத்தனை காலமாக என் புடவைகள் அவற்றின் மேல்தான் அடுக்கியிருந்தன. எனக்கு அது நீலத்தாள், அவ்வளவுதான்.

முதல் தாளை விரித்ததும் நான் துள்ளினேன். நீளமாக ஒரு தெரு, குறுக்கே சின்னச் சின்னத் தெருக்கள். நம் லைன் இதுதானே என்று விரல் வைத்தேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "இது கீழ இருக்கற லெவலு. நீ இங்க லெட்டர் குடுக்கணும்னா கேஜ்ல இறங்கிப் போவணும்." பூமிக்கு அடியில் தோண்டிய சுரங்கப் பாதையை நான் தெரு என்று நினைத்திருக்கிறேன். ஆயிரக்கணக்கான முகவரிகளைப் பிரித்தவளுக்கு இந்த அவமானம் தேவைதான்.

மூன்றாவது தாள்தான் தரைக்கு மேலே உள்ளது. எங்கள் லைன் அதில் இருந்தது, ஆனால் பெயர் இல்லை. கூலிகள் குடியிருப்பு, அதற்கு ஓர் எண், அவ்வளவுதான். துரை பங்களாவின் குதிரை லாயத்துக்குக்கூடப் பெயர் எழுதியிருந்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவரோ வேறு எதையோ தேடினார். படிப்பகம் இருக்கும் இடத்தில் ஒரு சின்னக் கட்டம், கட்டத்தின் வாசலில் ஒரு சிலுவைக் குறி, பக்கத்தில் மூன்று இலக்க எண்.

"இது ஆணி" என்றார். அடியில் பாறை வெடித்து நொறுங்கினால் மேலே வீடெல்லாம் ஆடும், அதை நாங்கள் ஏர் பிளாஸ்ட் என்போம். அதனால் தரை அமுங்குகிறதா என்று பார்க்க, உறுதியான கட்டடங்களின் வாசற்படியில் இரும்பு ஆணி அடித்து, கல்லில் எண் வெட்டி, அவ்வப்போது மட்டம் பார்ப்பார்களாம். இவரே அந்தப் படியில் கோல் பிடித்து நின்றிருக்கிறார். ஆனால் இப்போது படியில் பளபளவென்று டைல்ஸ். லைன் பிள்ளைகள் ஆசைப்பட்டு ஒட்டியது. மறுநாள் காலையில் அவர் மூலையிலிருந்து நாடா போட்டு அளந்து, ஒரே ஒரு டைல்ஸை உடைத்தார். அடியில் துருப்பிடித்த ஆணியும் அதே எண்ணும் இருந்தன. லைனே கூடி நின்று பார்த்தது. எனக்கு அவரைக் கல்யாணம் செய்துகொண்டதில் அன்றைக்குத்தான் முழுத் திருப்தி.

கட்டடம் பழையது என்பதற்கு ஆணி போதும். அங்கே இருந்தவர்கள் யார்? அதற்கு ஆணி வாய் திறக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் லைனுக்கு வந்த தபால்களை மனதுக்குள் மறுபடி பிரித்துப் பார்த்தேன். அப்போதுதான் நினைவு வந்தது. பழைய ஆட்களுக்கு வரும் தபால் அட்டைகளில் வீட்டு எண் இருக்காது. பெயர் இருக்கும், கீழே 'மே/பா படிப்பகம்' என்று இருக்கும். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஊரிலிருந்து வரும் கடிதங்கள் எல்லாம் படிப்பகத்தின் மேற்பார்வைக்கு வரும். ஷிப்ட் முடிந்து வந்தவரை உட்கார வைத்து அங்கே ஒருவர் படித்துக் காட்டுவார், பதிலும் எழுதித் தருவார். படித்த அட்டையை அங்கேயே கம்பியில் குத்திவிடுவார்கள். பத்தடி அறையில் பத்துப் பேரோடு இருந்தவருக்குக் கடிதம் வைக்க வேறு இடம் ஏது?

அந்தக் கம்பிகள் புத்தருக்குப் பின்னால் பரண்மேல் கிடந்தன. மூன்று கம்பி நிறைய அட்டைகள். கரப்பான் தின்றது போக மிச்சம், முத்திரையும் தேதியும் ஊரும் தெளிவாகத் தெரிந்தவை ஒரு கட்டு. "மழை இல்லை, நீ எப்போது வருவாய், கூண்டில் இறங்கும்போது பயமாக இருக்கிறதா" என்று ஒரு தாய் கேட்டிருந்தாள். வரைபடக்காரன் கூலி என்று ஒரே சொல்லில் முடித்தவனுக்குத் தபாலில் 'மகா ராஜ ராஜ ஸ்ரீ' போட்டு மரியாதை வந்திருக்கிறது. என் இலாகா எழுதி வைத்ததை நான் அழித்தேன். எங்கள் ஆட்கள் குத்தி வைத்ததை யாரும் அழிக்கவில்லை.

விசாரணை ராபர்ட்சன்பேட்டையில் நடந்தது. அதிகாரி இளவயதுப் பெண், நிதானமானவர். தபால் பதிவேடு எங்கே என்றுதான் முதலில் கேட்டார். நான் எழுந்து, என் கையாலேயே கழித்தேன் என்று லைன்காரர்கள் முன்னால் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரி என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி உட்கார வைத்தாள். வரைபடத்தையும் ஆணியின் படத்தையும் பார்த்துவிட்டு, கட்டடம் பழையதுதான் என்று அதிகாரி ஒப்புக்கொண்டார். ஆனால் அந்தக் காலத்து ஆட்கள் எங்கேயோ போயிருப்பார்கள், நீங்கள் அவர்கள்தான் என்று எப்படி நம்புவது என்று கேட்டார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அட்டைகளில் உள்ள பெயர்களை என்னையே படிக்கச் சொன்னார்.

கவுண்டரில் கூப்பிடுகிற குரலில் முதல் பெயரைப் படித்தேன்.

"ஆஜர்" என்று பின்வரிசையிலிருந்து பதில் வந்தது.

சுரங்கத்தில் கட்டை முட்டுக் கொடுக்கும் வேலை பார்த்த பெரியவர் எழுந்து நின்றார். ஷாப்ட் வாயில் தினமும் பேர் கூப்பிடுவார்கள். ஆஜர் என்று சொல்லாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. அந்தப் பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது. எங்கள் லைனில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைப்போம். "அது எங்க தாத்தாம்மா. எம்பேரும் அதான்" என்று அவர் கூச்சத்தோடு அடையாள அட்டையை நீட்டினார். அதிகாரி அதை வாங்கிப் பார்த்தார். பிறகு, அடுத்தது என்றார்.

படித்தேன். பெங்களூரு கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்த பையன் ஆஜர் சொன்னான். மூன்றாவது பெயருக்கு யாரும் எழவில்லை. "அவரு பேரன் பெங்களூர்ல கீறாரு மேடம், ஞாயித்துக்கெழம வருவாரு" என்று நாலு பேர் சேர்ந்து சொன்னார்கள். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு அதையும் எழுதினார். இப்படியே போயிற்று. அலுவலகத்துச் சிப்பந்திகள்கூட வேலையை விட்டுவிட்டுக் கதவருகே வந்து நின்றார்கள். இப்போது சாலை எங்கள் படிப்பகத்தை விட்டு வளைந்துதான் போகிறது. அந்த உத்தரவு பிறகு வந்தது. எனக்குப் பெருமை அன்றைக்கே வந்துவிட்டது.

அந்தக் கட்டின் கடைசி அட்டை என் அப்பாவின் அப்பாவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேரும் பெண்கள், அவர் பெயரை யாருக்கும் வைக்கவில்லை. பெயரைப் படித்தேன். அதிகாரி பேனாவோடு நிமிர்ந்து பார்த்தார்.

"ஆஜர்" என்றேன்.